மூன்றாவது தடவை எரிந்த மஞ்சள் விளக்கு

காலை ஒன்பதரை மணிக்கு நர்சம்மாவின் வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் பட்டறை வாசலில் விட்டார்கள். அதே நேரத்தில் உள்ளே என் மச்சினன் தன்னுடைய ஸ்பானர்களைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறவன். அன்று சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் வேறு ஊருக்குப் போவதாக இருந்தான். அங்கே ஒரு பெரிய பட்டறையில் வேலை பேசி முடித்துவிட்டான். அவன் போவதற்குக் காரணம் அந்த வெள்ளைக் கார்தான். சரியாகச் சொன்னால், அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் பேசிய பேச்சு.

நர்சம்மா காரிலிருந்து இறங்கினார். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கிறவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுப் போடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்துவிடுவேன். அவர் பேசுகிற தணிந்த குரலுக்கு என்னிடம் பதில் கிடையாது.

"மூணாவது தடவ" என்றார். "நாலு ரோடு சேர்ற இடத்துல ஸ்லோ பண்ணினேன். அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி லாரி. அந்த லாரிக்காரர் நல்ல பிரேக் வச்சிருந்தார், அதனால உங்ககிட்ட வந்து நிக்கிறேன்."

"லைட் எரிஞ்சுதா சிஸ்டர்?"

"அது என்னைக்கு அணைஞ்சுது?"

உள்ளே மச்சினன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு நொடி அவன் கண் பானெட்டின் மேல் இருந்தது. பிறகு குனிந்து துணியை முடிச்சுப் போட்டான்.

நர்சம்மா அஞ்சு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டுத்துணிகள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனார். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒரு திருப்பில் எழுந்து பூனை மாதிரி ஓடியது. எனக்கு அதைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாள் முன்னால் அந்தக் கார் என்ஜின் மேல் ஆயில் கசிகிறது என்று வந்தது. என்ஜின் தலையை மூடுகிற டேப்பட் கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கை நான் மாற்றினேன். என்ஜின் ஆயிலை மச்சினன் மாற்றினான். எங்கள் பட்டறையில் இரண்டு டிரம் உண்டு. ஒன்றில் புது வண்டிகளுக்கு ஊற்றுகிற மெல்லிசு ஆயில், இன்னொன்றில் பழைய லாரிகளுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். வண்டியைக் கொடுத்து அனுப்பிய மறுநாளே டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது என்று நர்சம்மா திரும்பி வந்தார்.

வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினேன். இன்டேக் கேம் சொன்ன இடத்துக்கு வரவில்லை என்றது. இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். இப்போது வருகிற என்ஜின்களில் வால்வுகளைத் திறந்து மூட இரண்டு கேம் தண்டுகள். காற்றை உள்ளே விடுவது இன்டேக், புகையை வெளியே தள்ளுவது எக்ஸாஸ்ட். வண்டி போகிற வேகத்துக்குத் தகுந்தபடி இந்தத் தண்டுகளைக் கொஞ்சம் முன்னே பின்னே திருப்பிவிட்டால் இழுவையும் கிடைக்கும், பெட்ரோலும் மிச்சமாகும். திருப்புவது ஆயிலின் அழுத்தம். அந்த ஆயிலை எப்போது, எந்தப் பக்கம் விடுவது என்பதைத் தண்டுக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சின்ன வால்வுகள் பார்த்துக்கொள்ளும். அந்த வால்வுகளுக்கு உத்தரவு போடுவது கம்ப்யூட்டர். ஆயில் கெட்டியாக இருந்தால் உத்தரவு போனாலும் தண்டு சோம்பேறித்தனமாக அசையும். விளக்கு எரியும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் தெருவில் இது செய்தியே இல்லை. ஸ்கேனரில் அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் நான் முடிவு கட்டிவிட்டேன். நர்சம்மா பக்கத்தில் நிற்கும்போதே மச்சினனைக் கூப்பிட்டேன்.

"எந்த டிரம்முல இருந்து ஊத்துன?"

"மெல்லிசு மாமா."

"பாத்து ஊத்துனியா, பராக்குப் பாத்துட்டு ஊத்துனியா?"

"பாத்துதான் ஊத்துனேன்."

"அப்ப கேம் ஏன் அசையல? நான் போய் அதுகிட்ட அசையாதன்னு சொன்னேனா?"

அவன் நர்சம்மாவை ஒரு பார்வை பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. "நான் ஒரு தடவ பாக்கட்டுமா மாமா?"

"நீ பாத்த வரைக்கும் போதும். இனிமே இந்த வண்டியில கை வைக்காத."

அவன் கை வைக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் அந்தக் கார் பட்டறைக்குள் நின்ற நேரமெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனானே தவிர அதன் மேல் விரல் படவில்லை. வீம்பு பிடித்தவன். அவன் அக்காவும் அப்படித்தான்.

அவன் ஊற்றிய ஆயிலை நான் வடித்தேன். வடித்ததை ஒரு கரண்டி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்திருந்தால் கெட்டியா மெல்லிசா என்று அப்போதே தெரிந்திருக்கும். தேய்க்கவில்லை. கழிவு ஆயில் பீப்பாயில் கொட்டிவிட்டு, என் கையாலேயே மெல்லிசு ஆயில் ஊற்றி, ஸ்கேனரால் விளக்கை அணைத்து அனுப்பினேன். நாலு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. நல்ல ஆயில் ஊற்றிய பிறகும் எரிகிறதென்றால் ஆயில் காரணமில்லை என்று எந்த முட்டாளுக்கும் புரியும். எனக்குப் புரியவில்லை, அல்லது புரிய விடவில்லை. அந்த ஒரு நாள் ஓடிய கெட்டி ஆயில் வால்வை அடைத்துவிட்டது என்று சொல்லி, இன்டேக் தண்டுக்கான அந்தச் சின்ன வால்வைக் கழற்றிப் புதிது போட்டேன். கழற்றிய பழைய வால்வில் ஆயிலை வடிகட்டுகிற வலை பளிச்சென்று இருந்தது. ஒரு துளி கசடு இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி குப்பை டப்பாவில் போட்டேன்.

அன்று சாயங்காலம்தான் மச்சினன் வேறு ஊரில் வேலை கேட்டு ஃபோன் செய்தான் என்று பிறகு தெரிந்தது.

பத்து மணிக்கு அவன் ஸ்பானர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "வரேன் மாமா" என்றான். நான் ஆயில் குச்சியைத் துடைத்தபடி "ம்" என்றேன். ஒன்பது வருடத்துக்கு ஒரு "ம்". அவன் வாசலைத் தாண்டியதும் என் மனைவி மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். வருகிற வண்டிகளை எழுதிக்கொள்வதும், ஃபோன் எடுப்பதும், என்னால் கோபித்துக்கொண்டு போகிறவர்களைத் திருப்பிக் கூட்டி வருவதும் அவள் வேலை.

"ஒரு விஷயம் பேசிக்கலாம்" என்றாள். "இன்னைக்கு இது ஆயிலாலதான்னு நீங்க காட்டுங்க. நானே அவன் பையத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்தி விடுறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். ஆயில் இல்லன்னா நீங்க போய் அவனக் கூப்பிடணும். ஆள் அனுப்பக்கூடாது. ஃபோன் பண்ணக்கூடாது. நீங்க போகணும்."

"காட்டிட்டா?"

"அதான் சொன்னேனே."

"சரி" என்றேன். ஜெயிக்கப் போகிறவன் மாதிரிதான் சொன்னேன்.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு சரி, நிறம் சரி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் மெல்லிசாக வழுக்கியது. நானே ஊற்றியதுதானே. இரண்டு வால்வுகளையும் கழற்றினேன். பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தால் இரண்டுமே டிக் டிக் என்று அடித்தன. வலைகள் சுத்தம். ஊதிப் பார்த்தேன், காற்று போயிற்று. திருப்பி மாட்டினேன். கேம் தண்டுகளைச் சுற்றுகிற டைமிங் செயின் தளர்ந்திருக்குமோ என்று காதை வைத்துக் கேட்டேன். தளர்ந்த செயின் காலையில் முதல் திருப்பில் சங்கிலி இழுக்கிற மாதிரி கரகரக்கும். இது ஒரு முனகல்கூட முனகவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது பதினொன்று இருபது காட்டியது. ஒரு மணி நேரம் போயிருக்கும் என்று நினைத்து மறுபடி பார்த்தபோது பதினொன்று முப்பத்தைந்துதான்.

நின்ற இடத்தில் என்ஜினை முறுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அங்கேதான் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மச்சினனாக இருந்தால் விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஸ்கேனரில் பதிவாகியிருப்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பான். விளக்கு எரிந்த நேரத்தில் என்ன வேகம், எவ்வளவு சூடு, எந்த கேம் எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும். நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எனக்கே அவமானமாக இருக்கும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுவேன். அணைத்தால் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். மூன்று தடவையும் அழித்தேன். அன்று காலையிலும் வண்டி வந்த வேகத்தில் அழித்துவிட்டேன். பழக்கதோஷம்.

ஒரு மணிக்கு மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போய் ஆடை கட்டியது. ஆயில்தான், ஆயில்தான் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஆயிலாக இருந்தால் மச்சினன் போவது நியாயம், நான் பேசியது நியாயம், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆயில் இல்லையென்றால் நான் என்ன செய்தேன் என்று யோசிக்க வேண்டிவரும். அந்தப் பக்கமே மனசு திரும்ப மாட்டேன் என்றது.

இரண்டே முக்கால் ஆனது. மனைவி மேஜை இழுப்பறையைப் பூட்டிவிட்டு வந்தாள்.

"அந்தம்மா வண்டி எங்க நின்னுச்சு? ரோட்டுலதானே. இங்க நிக்க வச்சே பாத்துட்டிருந்தா அது என்னத்தச் சொல்லும்? ஓட்டிப் பாருங்க."

"ஓட்டிக்கிட்டே ஸ்கேனர எப்படிப் பாக்குறது?"

"எனக்குக் கண்ணு இல்லயா?"

மச்சினன் இருந்தால் இது அவன் உட்காருகிற இடம். மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டாள். எதைப் படிக்க வேண்டும் என்று காட்டினேன். ஒவ்வொரு கேமுக்கும் இரண்டு எண்கள் ஓடும். ஒன்று கம்ப்யூட்டர் கேட்டது, இன்னொன்று கேம் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போக வேண்டும்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நீளமான சாலைக்குப் போனோம். மெதுவாகப் போகும்போது எல்லாம் பூஜ்யம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். வண்டி இழுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"சொல்லு."

"இன்டேக்குல கேட்டது பதினஞ்சு. வந்தது ஒன்னு."

"பாத்தியா, அசையல. எக்ஸாஸ்ட்?"

"அதுல யாரும் ஒன்னும் கேக்கல. பூஜ்யம். ஆனா வந்தது பதினாலு."

"மாத்திப் படிக்கிற."

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளா நான்? இன்னொரு தடவ அழுத்துங்க."

அழுத்தினேன். அவள் எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள். பிறகு தனக்குள்ளே பேசிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: "பெரியவனக் கூப்பிட்டா சின்னவன் எந்திரிச்சு வர்றான். பெரியவன் படுத்தே கிடக்குறான்."

என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டது. வண்டி வேகம் குறைந்து ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு நின்றது. நாலு ரோடு சேர்கிற இடத்தில் நர்சம்மாவுக்கு நின்ற மாதிரியே நின்றது. பின்னால் லாரி மட்டும்தான் இல்லை.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். டேப்பட் கவரின் முன்பக்கம் இரண்டு வால்வுகள். இரண்டின் தலையிலும் வயரைக் கொண்டுவந்து சொருகுகிற ஒவ்வொரு கனெக்டர். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. இரண்டின் வயரும் ஒரே நீளம், எது எங்கே வேண்டுமானாலும் எட்டும். வயரைச் சுற்றியிருந்த உறையை நகத்தால் விலக்கினேன். பச்சைக் கோடு போட்ட வயர் இன்டேக்குக்குப் போக வேண்டும். அது எக்ஸாஸ்டில் நின்றது. கம்ப்யூட்டர் பன்னிரண்டு நாளாக ஒருவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறது, இன்னொருவன் வேலை செய்திருக்கிறான்.

பேக்கிங் மாற்ற டேப்பட் கவரைத் தூக்கியபோது அந்த இரண்டையும் பிடுங்கியது நான். திருப்பிச் சொருகியதும் நான். மச்சினனாக இருந்தால் எதையும் பிடுங்குவதற்கு முன்னால் கலர் டேப் கிழித்து ஜோடி ஜோடியாக ஒட்டுவான். "அலங்காரம் முடிஞ்சுதா, வேலைய ஆரம்பிக்கலாமா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். எனக்குக் கண்ணே போதும் என்று இருந்தவன். அதற்கப்புறம் இரண்டு தடவை வால்வைக் கழற்றி, எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே மாட்டியிருக்கிறேன், தப்பைத் தப்பாமல் காப்பாற்றிக்கொண்டு.

இரண்டு கனெக்டரையும் பிடுங்கி மாற்றிச் சொருகினேன். இருமி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"என்னங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். பானெட் மறைத்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கனெக்டரில் ஆயில் இறங்கியிருக்கிறது என்று சொல்லலாம். கெட்டி ஆயில் கசடு என்றும் சொல்லலாம். அவளுக்குத் தெரியாது. அந்தப் பொய்யை வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் கோத்தும் விட்டேன். நல்ல பொய். ஒரு ஓட்டை இல்லை. அதைச் சொன்னால் நாலரை மணிக்கு பஸ் போய்விடும், எல்லாம் முடிந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. லாரிக்காரர் நல்ல பிரேக் வைத்திருந்தார் என்று நர்சம்மா சொன்னது மண்டைக்குள் ஓடியது.

பானெட்டை மூடிவிட்டு அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன்.

"ஆயில் இல்ல" என்றேன். "நான்தான். ரெண்டு கனெக்டர மாத்திச் சொருகியிருக்கேன், முதல் நாளே."

திட்டுவாள் என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு நாப்பது. ஏறுங்க."

சாலையின் கடைசி வரை ஓட்டினேன். அவள் எண்களைப் படித்துக்கொண்டே வந்தாள். கேட்டது பதினைந்து, வந்தது பதினைந்து. கேட்டது இருபது, வந்தது பத்தொன்பது, இருபது. வண்டி அம்பு மாதிரி இழுத்தது. எந்த நாளிலும் எனக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கும். அன்று ஒவ்வொரு எண்ணும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது. அங்கிருந்தே பஸ் நிலையத்துக்குத் திருப்பினேன். வழியில் ஐந்து சிக்னல், ஐந்தும் சிவப்பு. ஐந்திலும் என்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்துக்கு வெளியே வண்டி நிறுத்த இடமில்லை. மனைவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஓடுகிற உடம்பு இல்லை என்னுடையது. ஏழாவது வரிசையில் பஸ் நின்றது. மச்சினன் கீழே நின்று பையை வண்டியின் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தில் பயம் வந்தது.

"அக்காவுக்கு என்ன?"

"அக்காவுக்கு ஒன்னுமில்ல. வெளிய வண்டியில இருக்கா." மூச்சு வாங்கியது. "மாப்ள, ஆயில் இல்ல. கனெக்டர். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் நான்தான் மாத்திச் சொருகிட்டேன். நீ சரியாத்தான் ஊத்தியிருக்க."

அவன் பையின் வாரைச் சரிசெய்தான். "ரெண்டும் ஒரே கலரா?"

"ஒரே கலர்."

"இப்ப நிக்காம ஓடுதா?"

"ஓடுது. அதுலதான் வந்தோம்."

தலையாட்டினான். கண்டக்டர் அவனைத் தாண்டிப் போய் இன்னொரு பையைத் தள்ளி வைத்தார்.

"வா மாப்ள" என்றேன். "பைய எடு. வீட்டுக்குப் போகலாம்."

"ஒன்னு கேக்கட்டுமா மாமா?" கோபமே இல்லாமல் கேட்டான். கோபம் இருந்திருந்தால் எனக்கு எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்கும். "நான் நெசமாவே டிரம் மாத்தி ஊத்தியிருந்தா? இன்னைக்கு நீங்க பாத்து, ஆயில்தான்னு வந்திருந்தா? அப்பவும் என்னக் கூப்பிட வந்திருப்பீங்களா?"

காலையில் அவன் அக்கா போட்ட நிபந்தனை அவனுக்குத் தெரியாது. தெரியாமலேயே சரியாக அங்கே வந்து கை வைத்துவிட்டான். வந்திருப்பேன்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு பொய்யை முழுங்கியிருந்தேன், அடுத்தது வெளியே வர மறுத்தது.

"வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

"ம்" என்றான் அவன். காலையில் நான் சொன்ன அதே "ம்" இல்லை அது. யோசித்துச் சொன்னது. "ஒன்பது வருஷத்துல ஒரு தடவ நான் தப்பு பண்ணியிருந்தா அவ்வளவுதான். தப்பு பண்ணலன்னு நிரூபிச்சாத்தான் வீட்டுக்கு வரலாம். அங்க வந்து எப்படி மாமா வேலை செய்யுறது? கை நடுங்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லாததால் அது கடனே என்று கேட்ட மாதிரிதான் வெளியே வந்திருக்கும். அவன் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, "அக்காகிட்ட போய்ச் சேர்ந்ததும் பேசுறேன்னு சொல்லுங்க" என்று படியேறினான். பஸ் கிளம்பிப் பின்பக்கம் தெரிகிற வரைக்கும் நின்றேன். ஜன்னல் ஓரத்தில் அவன் உட்காரவில்லை.

வண்டிக்குத் திரும்பினேன். மனைவி எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து.

"வந்திருப்பேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பானா?"

பட்டறை வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன் என்று சொன்னவள்தான்.

ஐந்து மணிக்கு நர்சம்மா வந்தார். காலில் தூசி, முகத்தில் அலைச்சல். என்ன கோளாறு என்று அவர் கேட்பதற்கு முன்னால் நான் பானெட்டைத் திறந்தேன். கனெக்டர்களைக் காட்டினேன். எது எங்கே இருக்க வேண்டும், நான் எதை எங்கே சொருகினேன், அதனால்தான் நாலு ரோட்டில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர்" என்றேன். மச்சினனைத் தம்பி என்று சொன்னது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. "உங்க முன்னாடி வச்சு அவன அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

நர்சம்மா குனிந்து கனெக்டர்களைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க பேசினப்ப நான் அவர் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார். "நீங்க வண்டியப் பாத்துட்டிருந்தீங்க. அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். ஆனா நீங்க இல்லாதப்ப சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தேன். நாலு தடவை அடித்து நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தான். பின்னால் பஸ் உறுமுகிற சத்தம். ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"மாப்ள, பக்கத்துல சிஸ்டர் நிக்கிறாங்க. உங்க அக்காவும் நிக்கிறா. இவங்க முன்னாடி சொல்றேன். நீ பாத்துதான் ஊத்துன. நான்தான் பாக்காம சொருகினேன், பாக்காம பேசினேன்."

பஸ் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். போகவில்லை.

"சிஸ்டர்" என்றான்.

"சொல்லுங்க தம்பி."

"கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. ஸ்பீடாப் போய் ஸ்லோ பண்ணுங்க, ரெண்டு மூணு தடவ. அவர் சரியாயிடுச்சுன்னு சொல்றார்னு அப்படியே எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"சரி, ஓட்டிப் பாக்குறேன்."

"வைக்கிறேன் சிஸ்டர்."

வைத்துவிட்டான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நர்சம்மா சொன்னபடியே ஓட்டிப் பார்த்தார். தெருமுனை வரை போய் வேகமாகத் திரும்பி வந்தார், பட்டறை வாசலில் சட்டென்று வேகத்தைக் குறைத்தார், மறுபடி போனார். மூன்று தடவை. வண்டி நிற்கவில்லை, விளக்கு எரியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை.

"இன்னொரு தடவ போடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"இன்னைக்கு வேணாம். நாளைக்குப் போடுங்க."

"நாளைக்கும் பேசலன்னா?"

அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அதுக்கு மறுநாள் போடுங்க. அந்தம்மா மூணு தடவ உங்ககிட்ட திரும்பி வந்தாங்கல்ல."